நாயையும் கூட்டி வரலாம்

மல்கிரேவ், மெல்பேர்ண்
14-3-1976

அன்புத் தங்கச்சி ராணிக்கு,

சின்னண்ணன் தேவராஜா எழுதுவது. இங்கே நான், சந்திரவதனா, பிள்ளைகள் எல்லாரும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது. நான் ஒரு பக்கம் நடந்தால் அது இன்னொரு பக்கம் நடக்கிறது. உன் சுகம் எப்படி?

உன் கடிதத்தைக் கடையில் மல்லி மூட்டை இறக்கின இடத்திலேயே நின்று வாசித்தேன். ஆஸ்பத்திரியில் லீவு எடுத்து, சுரொப்ஷயர் நாட்டுப்புறத்தில் ஒரு குட்டி வீட்டை வாடகைக்குப் பிடித்து, இரண்டு கிழமை ஒரு நாயோடு இருக்கப் போகிறாயாம். மூன்று தரம் வாசித்தும் நாய் நாயாகவே இருந்தது. தபால்காரன்ரை நாய்க்குப் பயந்து கிணற்றுக்கட்டில் ஏறி நின்று குளறின ராணிதானே நீ?

நான் யாவாரி. எனக்குப் புதினமான சாமான் என்றால் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டும். நாயை வீட்டுக்குள் விடுகிற வாடகை வீடென்றால், நாய் எங்கே படுக்கும்? போன பிறகு மணத்தை எப்படி எடுப்பார்கள்? கதிரைக் காலைக் கடித்தால் யார் பொறுப்பு? எல்லாம் எழுது. இங்கே டண்டினோங் மலைப்பக்கம் பலகை வீடுகள் சும்மா கிடக்கின்றன. வெள்ளைக்காரன் பெண்சாதியை விட்டுவிட்டுக் கூட லீவில் போவான், நாயை விட்டுவிட்டுப் போகமாட்டான் என்பதை நான் கடையில் நின்று படித்திருக்கிறேன்.

இன்னொன்று. லண்டன் மச்சான் புதுவருசக் கார்டில் 'அவரை'ப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தான். ஆள் இப்போது உன் ஊர்ப் பக்கம்தானாம். கார்டைக் கிழித்துப் போட்டேன். நீ கப்பல் ஏறின அன்று கொழும்புத் துறைமுகத்தில் சொன்னதை மறந்திருக்க மாட்டாய். நீ அவரைக் கண்டால் காண். எனக்கு எழுதும் கடிதத்தில் அவர் பேர் இருக்கக் கூடாது. அப்பாவின் பிரேதத்தை இரண்டு நாள் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தோம். மூத்தவர் வரவில்லை. இரண்டாவது பிள்ளை நான் கொள்ளி வைத்தேன். எங்கள் குடும்பம் சொன்ன சொல்லில் நிற்கிற குடும்பம். அவ்வளவுதான்.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள்.

அன்புடன்,
தேவராஜா


சுரொப்ஷயர்
30-3-1976

அன்புள்ள சின்னண்ணைக்கு,

முழங்காலுக்கு மச்சாள் நல்லெண்ணெய் பூசி விடுகிறாவா, இல்லையென்றால் நீங்கள் அதையும் கடையில் வித்துப் போட்டியளோ? நான் சுகம். மூக்கு மட்டும் நாள் முழுக்கக் குளிரில் சிவந்திருக்கிறது.

கேட்டதெல்லாம் எழுதுகிறேன். கல்லால் கட்டின வீடு. கீழே குசினியும் ஒரு அறையும், மேலே இரண்டு அறை. படி ஏணி மாதிரி. வீட்டுக்காரி மிசிஸ் பிரிச்சட் பக்கத்துப் பண்ணையில் இருக்கிறா. பேப்பரில் 'நாயையும் கூட்டி வரலாம்' என்று போட்டிருந்தவ அவ ஒருத்திதான். குசினிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு மட்டையில் சட்டதிட்டம் எழுதித் தொங்கவிட்டிருக்கிறா. நாய் கட்டிலில் ஏறக்கூடாது. வெளியே போய் வந்தால் நீல ஆணியில் கொழுவியிருக்கும் துவாயால் அதன் காலைத் துடைக்க வேண்டும். மனிசருக்குச் சிவப்பு ஆணி. ஆடு குட்டி போடுகிற காலத்தில் நாய் கயிற்றில்தான். வயலுக்குள் அவிழ்த்துவிட்டால் ஆட்டுக்காரன் சுடலாம், சட்டம் அவன் பக்கம். மணத்துக்கு வினாகிரி. கதிரை ஏற்கெனவே கடிபட்ட கதிரை, புதிதாகக் கடிக்க ஒன்றுமில்லை.

நாய் என்னுடையதில்லை. குட்டைக் கால், நீள உடம்பு, அந்த உடம்புக்குப் பொருந்தாத குரல். எலும்பைத் தின்னாமல் ஒளித்து வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் காவல் இருக்கும். யார் கதவைத் தட்டினாலும் முதலில் சண்டை, பேந்துதான் விசாரணை.

அதன் சொந்தக்காரர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். இருதயத்தில் ஒரு வால்வு பழுது. ஆவணியில் ஒப்பரேஷன். அதுவரை நாட்டுப்புறத்தில் ஓய்வு எடுக்கச் சொல்லி டாக்குத்தர் சொல்லிவிட்டார். நாயை எடுக்காத இடத்துக்கு நான் வரமாட்டன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நாலு இடத்தில் கேட்டுத்தான் இந்த இடம் சரிவந்தது. அதனால்தான் லீவு.

மச்சாளையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கோ.

உங்கள் தங்கை,
யோகராணி


மல்கிரேவ்
11-4-1976

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். முழங்காலை விற்க வாங்குகிற ஆள் இல்லை.

நேரடியாகக் கேட்கிறேன். ஒரு நேர்ஸ், தன் லீவை எடுத்து, ஒரு நோயாளியோடு நாட்டுப்புறத்தில் போய் இருப்பதென்றால் அது நேர்ஸ் வேலை இல்லை. சந்திரா சொல்கிறாள், "முப்பத்தெட்டு வயசுப் பிள்ளையிட்டை இப்பிடிக் கேக்கிறியளே, வெக்கமில்லையோ?" இல்லை. வெள்ளைக்காரன் என்றால் வெள்ளைக்காரன் என்று எழுது. நான் இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருசத்தில் எத்தனையோ வெள்ளைக்காரருக்குப் பருப்புத் தின்னப் பழக்கிவிட்டேன். எனக்கு வேண்டியது மூன்று பதில். ஆள் குடிக்கிறானா? முன்பு கலியாணம் கட்டினவனா? ஒப்பரேஷன் சரிவருமா?

உன் நாயைப் பற்றிக் கடைக்குப் பக்கத்து இறைச்சிக்காரனிடம் விசாரித்தேன். எலும்பை ஒளிக்கிற நாய் புத்தியான நாயாம். எனக்கு அந்த நாயைப் பிடித்திருக்கிறது. முதலில் சண்டை, பேந்து விசாரணை என்பது சரியான யாவார முறை.

ஆனால் ஒரு விசயம். இரண்டு பக்கம் நாயைப் பற்றி எழுதினாய், பேர் எழுதவில்லை. பேர் சொல்லாமல் சாமான் காட்டுகிறவனிடம் நான் வாங்குவதில்லை. உள்ளுக்கு ஏதோ இருக்கும். நாயின் பேர் என்ன?

வாய் திறந்து எழுது. நான் கடிக்க மாட்டேன்.

தேவராஜா


சுரொப்ஷயர்
25-4-1976

அன்புள்ள சின்னண்ணைக்கு,

எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். இதை இருந்து ஆறுதலாக வாசியுங்கோ, மூட்டை இறக்கிற இடத்தில் நின்று வாசிக்காதேங்கோ.

லீவு முடிந்து நான் பேர்மிங்ஹாம் போய்விட்டேன். சனி ஞாயிறில் இங்கே வாறன். மிசிஸ் பிரிச்சட் அவரைப் போகவிடவில்லை. "கோழிகளைப் பார்த்துக்கொள், ஆடி மாதம் வாடகைக்கு ஆட்கள் வந்தால் பின்னறைக்கு மாறு" என்று வைத்திருக்கிறா.

போன சனிக்கிழமை நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஆட்டு வயலுக்குள் ஓடிவிட்டது. ஆட்டுக்காரர் துவக்கை நீட்டிக்கொண்டு மறுபக்கத்தால் வந்தார். படி ஏறினால் மூச்சு வாங்குகிற மனிசன், வேலியைத் தாண்டி, சேற்றில் விழுந்து எழும்பி, நாய்க்கும் துவக்குக்கும் நடுவில் போய் நின்று அதன் பேரைச் சொல்லிக் கத்தினார். அந்தப் பேர் அப்படி வயலெல்லாம் கேட்டதும் நான் வேலிக்கு இந்தப் பக்கம் சிரிக்கத் தொடங்கி, அழுதுகொண்டு முடித்தேன். நாய் வந்து அவர் காலடியில் படுத்தது. ஆட்டுக்காரர் துவக்கை இறக்கிவிட்டு, "அது என்ன பாஷை, அந்தப் பேருக்கு என்ன கருத்து?" என்று கேட்டார். அவருக்கும் சொல்லவில்லை, உங்களுக்கும் இப்போது சொல்லப் போவதில்லை.

அவர் வெள்ளைக்காரர் இல்லை. குடிப்பதில்லை. கலியாணம் கட்டவில்லை. வயது ஐம்பத்தொன்று. பஸ்ஸில் ரிக்கற் கொடுக்கிற வேலை. தோடம்பழத் தோலை அறாமல் ஒரே சுருளாக உரித்து, அந்தச் சுருளைப் பக்கத்தில் இருக்கிறவரின் காதில் மாட்டிவிடுவார். 1950இல் கப்பலில் வந்தவர். அதன் பிறகு ஒருநாளும் ஊருக்குப் போகவில்லை.

நான் தேடிப் போகவில்லை. வார்ட்டில் கட்டிலின் காலடியில் தொங்கின அட்டையில் பேரைக் கண்டேன். இதற்கு மேல் எழுதினால் துறைமுகத்தில் உங்களுக்குத் தந்த வாக்கு முறியும். நான் பேர் எழுதவில்லை, கவனியுங்கோ.

ராணி


பேர்மிங்ஹாம்
20-6-1976

அன்புள்ள சின்னண்ணைக்கு,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. சுகமில்லையோ? சுகமில்லை என்றால் மச்சாளைக் கொண்டு எழுதுவியுங்கோ. கோபமென்றால் கோபமென்று நீங்களே எழுதுங்கோ. உங்கள் கோபத்தோடு பழக்கம், உங்கள் மௌனத்தோடு பழக்கமில்லை.

இங்கே மழை இல்லை. இங்கிலாந்தில் புல் காய்ந்து நான் கண்டது இதுதான் முதல் தரம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடாதே என்று ரேடியோவில் சொல்கிறார்கள்.

ராணி


மல்கிரேவ்
4-7-1976

அன்புத் தங்கச்சிக்கு,

எனக்கு நோய் வருத்தம் ஒன்றுமில்லை. கடையில் வேலை கூடிப்போச்சு. அதாவது, வேலை கூட என்று சந்திராவுக்குச் சொன்னேன். அவள் நம்பவில்லை. நீயும் நம்ப வேண்டாம்.

உன் கடிதத்தில் வந்த ஆளைப் பற்றி எனக்கு எழுத ஒன்றுமில்லை. சொன்ன சொல் சொன்ன சொல். ஆனால் நாயைப் பற்றி எழுதக் கூடாதென்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. ஆகவே கேட்கிறேன்.

நாய் வடிவாகச் சாப்பிடுகிறதா? உறைப்புத் தின்ன விடாதே, ஆனால் முழுக்க நிற்பாட்டாதே. நாய்க்குப் படி ஏறினால் இப்போதும் மூச்சு வாங்குகிறதா? அப்படியென்றால் ஏன் மேல் அறையில் படுக்க விடுகிறாய்? கீழே ஒரு கட்டில் போட அந்த மனுசியிடம் கேள். நாய்க்கு எந்தத் திகதியில் ஒப்பரேஷன்? வெட்டுகிற டாக்குத்தர் எப்படிப்பட்டவர்? முன்பு எத்தனை நாய்க்குச் செய்திருக்கிறார், அதில் எத்தனை எழும்பி நடக்கிறது? வெட்கப்படாமல் கேள். நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

நாய் பயப்படுகிறதா?

இன்றைக்கு இறைச்சிக்காரன் கடையில் நின்றுகொண்டு ஒரு தோடம்பழம் உரித்தேன். மூன்று இடத்தில் அறுந்துபோச்சு. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கெதியாகப் பதில் போடு.

தேவராஜா


சுரொப்ஷயர்
17-7-1976

அன்புள்ள சின்னண்ணைக்கு,

கடிதம் கண்டதில் எனக்குப் பாதி உயிர் வந்தது. நீங்கள் எல்லாரும் சுகமென்று நினைக்கிறேன்.

நாய் நன்றாகச் சாப்பிடுகிறது. செத்தல் மிளகாய் பொரித்துத் தரச் சொல்லி ஒவ்வொரு சனியும் சண்டை. கட்டிலைக் கீழே போட்டாச்சு. மிசிஸ் பிரிச்சட்டின் புருசனும் நானும் தூக்கினோம். டாக்குத்தரிடம் நீங்கள் சொன்னபடியே கேட்டேன். பத்து நாய்க்குச் செய்தால் எட்டு எழும்பி நடக்குமாம். ஓகஸ்ட் 26ஆம் திகதி. 23ஆம் திகதியே ஆஸ்பத்திரியில் வந்து படுக்க வேண்டும்.

ஓம், நாய் பயப்படுகிறது. ஒப்பரேஷனுக்கு இல்லை. அதற்கு முன்னம் ஒரு கடிதமும் வராமல் போய்விடுமோ என்று.

நாயின் சொந்தக்காரரிடம் போன கிழமை கேட்டுவிட்டேன். கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். "அப்பாவின்ரை செத்தவீட்டுக்கு ஏன் வரேல்லை?" என்றேன். மிச்சத் தீனியையும் போட்டு முடித்தார். பிறகு சொன்னார்: "தந்தி அண்டைக்கே கிடைச்சது. பெட்டி கட்டிப்போட்டு, ஸ்டேஷனுக்கும் போனனான். டாக்குத்தர் படிப்பை விட்டிட்டு வந்து நிண்ட அண்டைக்கு அப்பா எனக்குச் சொன்னவர், 'என்ர செத்தவீட்டுக்கும் இந்தப் படி ஏறாதை' எண்டு. அவர் உசிரோடை இருந்திருந்தால் மீறியிருப்பன். செத்த மனிசன்ரை சொல்லை எப்பிடி மீறுறது? பின்னேரம் வரைக்கும் ஸ்டேஷன் வாங்கிலை இருந்திட்டுத் திரும்பி வந்தனான்."

அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. நீங்கள் அப்போது குருநாகலில் மாமாவின் கடையில் நின்றீர்கள்.

இதையெல்லாம் ஒரு கடிதத்தில் எழுதி உங்களுக்கு அனுப்பினாராம். அது உடைக்காமல் திரும்பி வந்ததாம். உண்மையோ சின்னண்ணை?

ராணி


மல்கிரேவ்
28-7-1976

அன்புத் தங்கச்சிக்கு,

உண்மை.

சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் வந்தது. இங்கிலாந்து முத்திரை. அவருடைய எழுத்து. வீட்டில் ஒருவருக்கும் காட்டவில்லை. 'பெறுபவர் இல்லை' என்று நானே என் கையால் எழுதி, தபால்காரனிடம் திருப்பிக் கொடுத்தேன். பெறுபவர் வாசலில்தான் நின்றவர். தபால்காரன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் கிடக்கிறது.

அப்பா அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. அப்பாவைப் பிழை சொல்ல மாட்டேன். கோபத்தில் எல்லாத் தகப்பனும் சொல்வான். மற்ற வீடுகளில் பிள்ளைகள் அதைக் காற்றில் விடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் எல்லாரும் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அப்பாவின் சொல்லை அவர் பிடித்தார், என் சொல்லை நீ பிடித்தாய், நான் என் சொல்லையே பிடித்தேன். எங்கள் மூன்று பேரையும் விட அந்த நாய்க்குப் புத்தி இருக்கிறது. கயிறு என்றால் அறுக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் ராணி, பேனையை எடுத்தால் அவருக்கு எழுத முதல் வரி வரவில்லை. மூன்று தாள் கிழித்தேன்.

கை வராத இடத்தில் கால் போகட்டும் என்று போன ஞாயிறு மலைக்குப் போனேன். பலகை வீடு, மூன்று அறை, பின்னுக்குப் பெரிய வளவு, ஆடு இல்லை. வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறேன். ஒப்பரேஷன் முடிந்து உடம்பு தேறினவர்கள் வந்து இருக்கலாம். நாயையும் கூட்டி வரலாம். மிருகங்களுக்கான நோய்த்தடுப்பு நிலையத்தில் விசாரித்தேன். கப்பலால் இறங்கின நாயைக் கொஞ்சக் காலம் அடைத்து வைத்துப் பார்த்துவிட்டு விடுவார்களாம். விண்ணப்பப் பத்திரம் கையில் இருக்கிறது. முதல் வரியே நாயின் பேர். அது இல்லாமல் எடுக்க மாட்டார்கள்.

இப்போதாவது சொல். நாயின் பேர் என்ன?

தேவராஜா


பேர்மிங்ஹாம்
7-8-1976

அன்புள்ள சின்னண்ணைக்கு,

முழங்கால் எப்படி? மலையேறி வீடு பார்க்கிற அளவுக்குச் சுகமென்று விளங்குகிறது.

பத்திரத்தில் எழுதுங்கோ. நாயின் பேர் கட்டையன்.

ஓம். உங்களை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஒருவர்தான். நீங்களும் வேறு ஒருவரையும் கூப்பிட விட்டதில்லை. ஒருக்கால் நான் கூப்பிட்டு வாங்கின குட்டு இன்னும் உச்சந்தலையில் இருக்கிறது. அதுதான் இவ்வளவு நாளும் எழுதப் பயந்தேன். மனிசப் பேரை நாய்க்கு வைத்தார் என்று கோபிப்பீர்கள், அதிலும் உங்களுடைய பேரை.

எனக்கே முதலில் கோபம் வந்தது. "தம்பியை நாய் எண்டு சொல்ல இப்பிடி ஒரு வழியோ?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "கடிதம் திரும்பி வந்த கிழமை வாங்கின குட்டி. எனக்குத் திட்டுறதுக்கு ஒருத்தன் வேணும். கூப்பிடுறதுக்கும் அவனேதான் வேணும். கூப்பிட்டால் இவன் வாறான்."

அது முதல் கட்டையன். எழுபதில் செத்துப்போச்சு. இது இரண்டாம் கட்டையன். வேறு பேர் வைக்க மனம் வரவில்லையாம்.

23ஆம் திகதி ஆஸ்பத்திரி. நாயை மிசிஸ் பிரிச்சட் பார்ப்பா. விலாசத்தை அடியில் எழுதியிருக்கிறேன். கடிதம் வந்து சேர ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். மிச்சத்தை நீங்களே யோசியுங்கோ.

ராணி


மல்கிரேவ்
16-8-1976

பெரியண்ணைக்கு,

பேர் எழுத மாட்டேன் என்ற சொல்லை உறையின் மேலேயே முறித்துவிட்டேன். விக்னராஜா என்று முழுதாக எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பியள்.

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அதனால் கேட்காமல் சொல்கிறேன்: சுகமாக இருக்க வேண்டும். பத்தில் எட்டு என்றார்களாம். நான் அதைவிடக் குறைந்த நம்பிக்கையில் கடை திறந்தவன்.

உங்கள் கடிதத்தைத் திருப்பினது நான். பெறுபவர் இருந்தவர். அப்பாவுக்கு நான் வைத்த கொள்ளியில் உங்கள் கையும் இருந்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படி நினையுங்கோ.

நாய்க்கு என் பேர் வைத்ததைக் கேட்டதும் ராணி நினைத்தபடி கோபம்தான் வந்தது. ஒரு அரை மணித்தியாலம். பிறகு கடையைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்து சிரித்தேன். குட்டைக் கால், பெரிய குரல், எலும்பைத் தின்னாமல் ஒளித்து வைக்கிற குணம். சந்திரா வாசித்துவிட்டு, "வடிவாய்ப் பொருத்தம் பாத்துத்தான் வைச்சிருக்கிறார்" என்றாள்.

மலையில் வீடு பார்த்து வைத்திருக்கிறேன். கட்டிலைக் கீழறையில் போட்டாச்சு. சட்டதிட்ட மட்டை நானே எழுதிக் குசினிக் கதவில் தொங்கவிடுவேன். முதல் சட்டம்: இந்தப் படியை யாரும் ஏறலாம்.

ஒப்பரேஷனுக்குப் போக முன்னம் இதை ராணியைக் கொண்டு உரத்து வாசியுங்கோ. பக்கத்துக் கட்டில்காரருக்கு விளங்காது, பயப்படாதேங்கோ.

இப்படிக்கு,
கூப்பிட்டால் வருகிற,
கட்டையன்


சுரொப்ஷயர்
19-9-1976

டேய் கட்டையா,

எழும்பி நடக்கிறன். எட்டுக்குள்ளை நானும் ஒருத்தன். நெஞ்சிலை கிணத்துக் கயிறு மாதிரி ஒரு தையல். நீ, உன்ர வீட்டுக்காரி, பிள்ளைகள் சுகமோ? முழங்காலுக்கு எண்ணெய் பூசினால் போதாது, நட.

உன்ர கடிதம் இருபத்தஞ்சாந் திகதி பின்னேரம் வந்தது. ராணி வாசிச்சாள். பக்கத்துக் கட்டில் கிழவன் "நல்ல சேதியா?" எண்டு கேட்டான். ஓம் எண்டு சொன்னன்.

இங்கை மழை தொடங்கியிட்டுது. நாயின்ரை காலைத் துடைச்சுத் துடைச்சு நீல ஆணித் துவாய் காயுதில்லை. இனி "கட்டையா" எண்டு கூப்பிட்டால் எவன் வாறான் எண்டு ரெண்டு பக்கமும் பாக்கவேண்டிக் கிடக்கு. மலை வீட்டைப் பற்றி டாக்குத்தரிட்டைக் கேட்டன். தை மாதத்துக்குப் பிறகு கப்பல் ஏறலாமாம். சட்டத்தை மட்டையிலை எழுது, ஆனால் நாய் கட்டிலிலை ஏறும், சொல்லிப்போட்டன்.

இதோடை ஒரு பழைய உறை வருது. பன்ரண்டு வருசமாய் ரிக்கற் பையுக்குள்ளை கிடந்தது. நானும் உடைக்கேல்லை. உன்ர கையாலை 'பெறுபவர் இல்லை' எண்டு எழுதினதை நான் பேனையாலை வெட்டியிட்டன்.

உள்ளுக்கு என்ன எழுதினனான் எண்டு எனக்கே மறந்து போச்சு. வாசிச்சுப்போட்டுச் சொல்லு.

அண்ணை